பின்னால் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள்

புனேயின் கோத்ரூட் பகுதி. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசலில் 110 சி.சி. ஸ்கூட்டர் துடைத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. இருக்கையின் மேல் புத்தம் புதிய ஜெல் மெத்தை. அதற்கு மேல் தடிமனான உறை. பின்னால் சாய்ந்துகொள்ள, குஷன் வைத்த எஃகுச் சட்டம். ஐம்பத்தைந்து வயதான வங்கி ஊழியர் சாவியைச் சுழற்றியபடி மனைவிக்காகக் காத்திருக்கிறார். ஹடப்சரில் இருக்கும் மாமியாரைப் பார்க்கப் போக வேண்டும். நகரின் மேற்கு ஓரத்திலிருந்து கிழக்கு ஓரத்துக்குப் பயணம். மனைவி படியிறங்கி வருகிறார். ஸ்கூட்டரை ஒரு பார்வை பார்க்கிறார். "அஹோ, நீங்கள் வண்டியில் வாருங்கள். நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்" என்கிறார்.

கோபத்தில் சொன்னதில்லை. இரண்டு வருடங்களாக அவருக்கு இடுப்பில் வலி. டிஸ்க் கோளாறு, குலுக்கல் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கார் வாங்க வசதியில்லை. வாங்கினாலும் நிறுத்த இடமில்லை. ஆட்டோ என்றால் மாதக் கடைசியில் கணக்கு உதைக்கிறது. பஸ் என்றால் இரண்டு மாற வேண்டும். வாரம் இரண்டு முறை என்றிருந்த அம்மா வீட்டுப் பயணம் இப்படித்தான் வாரம் ஒன்றாகி, பிறகு பதினைந்து நாளைக்கு ஒன்றானது. படுக்கையில் இருக்கும் எண்பது வயது அம்மாவுக்கு அந்த இடைவெளி தெரியாமலில்லை. கணவருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் ஜெல் மெத்தையும் உறையும் சாய்மானமும். மூன்று மாதங்களில் ஆறாயிரம் ரூபாய் செலவழித்துவிட்டார். வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தத் தம்பதிக்குப் பெயர் தேவையில்லை. நாக்பூரிலும் இந்தூரிலும் மைசூரிலும் ஏதாவது ஒரு தெருவில் இதே காட்சி நடந்துகொண்டிருக்கும். சின்ன ஸ்கூட்டரை வசதியான வாகனமாக மாற்றப் பணம் செலவழிப்பவர்கள் இந்த நாட்டில் ஏராளம். அந்தப் பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்பதுதான் சந்தேகம்.

இதில் பாதிக் குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. தமிழில் இதற்குச் சட்டென்று வாயில் வருவது 'சொகுசு'. சொகுசு பஸ், சொகுசுக் கார், சொகுசு பங்களா. தேவைக்கு மேற்பட்டது, இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாதது என்ற தொனி அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொகுசு என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் மெத்தென்று இருப்பதை, பளபளப்பதை, அடுத்த வீட்டுக்காரர் கண்ணில் படுவதை வாங்கி வருகிறார். ஸ்கூட்டரில் உண்மையான சுகத்தைத் தருபவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கின்றன. அவற்றில் முதலாவது காசு கொடுத்து வாங்குவதுகூட அல்ல. அது காற்று.

ஸ்கூட்டர் என்ற வாகனம் இந்தியாவுக்காக உருவானதில்லை. இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிப்போன இத்தாலியில், 1946-ல், பியாஜியோ நிறுவனத்துக்காக வெஸ்பாவை வடிவமைத்தவர் கொராதீனோ தஸ்கானியோ. அவர் விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிளைக் கண்டாலே பிடிக்காதவர். பெண்கள் பாவாடையோடு ஏறி உட்கார வேண்டும், உடையில் எண்ணெய்க் கறை படக் கூடாது, பஞ்சரானால் சக்கரத்தைச் சுலபமாகக் கழற்றி மாட்ட வேண்டும் என்பவை அவருடைய கவலைகள். விமானத்தின் தரையிறங்கு சக்கரத்தைப் போல ஒரு பக்கத் தாங்கியில் மாட்டிய சின்னச் சக்கரம் அப்படித்தான் வந்தது. ஐரோப்பிய நகரத் தெருவுக்கு அது போதும்.

அந்தச் சின்னச் சக்கரம் இந்தியாவில் வேறு வாழ்க்கை வாழ்ந்தது. பியாஜியோவின் உரிமத்தோடு 1960-களின் தொடக்கத்தில் இங்கே வெஸ்பா தயாரிக்கத் தொடங்கிய பஜாஜ் ஆட்டோ, உரிமம் முடிந்த பிறகு 1972-ல் சேதக்கைக் கொண்டுவந்தது. ராணா பிரதாபின் குதிரையின் பெயர். பெயருக்கு ஏற்ப அது சுமக்காத பாரமில்லை. முன்னால் நின்றுகொண்டு ஒரு குழந்தை, நடுவில் அப்பா, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடையில் நசுங்கியபடி இன்னொரு குழந்தை, அம்மாவின் மடியில் கைக்குழந்தை, காலடியில் கேஸ் சிலிண்டர். வண்டி பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலத்தில் கிடைத்ததே பெரிது; குலுங்குகிறது என்று யார் புகார் சொல்வார்கள்? ஆனாலும் மேம்பாடு அப்போதே தொடங்கிவிட்டது. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகத் தனித்தனி இருக்கைகள் இருந்த வண்டியில் அவற்றைக் கழற்றிவிட்டு, நீளமான ஒற்றை இருக்கையைப் பலர் மாட்டிக்கொண்டார்கள். குடும்பம் பெரிது, இருக்கை நீண்டது. பின்னால் தொங்கிய ஸ்டெப்னியே பலருக்குச் சாய்மானமாகவும் இருந்தது.

வண்டி மாறிவிட்டது. கியர் போய் ஆட்டோமேடிக் வந்தது. 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டா பட்டனை அழுத்தினால் கிளம்பியது. 2001-ல் வந்த ஆக்டிவா பின்னர் நாட்டின் ஸ்கூட்டர் சந்தையையே தன் வசமாக்கிக்கொண்டது. ஆனால் சேதக்கின் 10 அங்குலச் சக்கரம் போகவில்லை. பல ஸ்கூட்டர்களில் இன்றும் ஒரு சக்கரமாவது அந்த அளவில்தான் இருக்கிறது.

சக்கரத்தின் அளவு ஏன் முக்கியம் என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். சாலையில் ஓர் அடி அகலத்துக்கு ஆழமான குழி இருப்பதாக வைத்துக்கொள்வோம். டயரோடு சேர்த்து மோட்டார் சைக்கிள் சக்கரத்தின் விட்டம் சுமார் 60 செ.மீ. அது அந்தக் குழிக்குள் 4 செ.மீ. இறங்கும். 10 அங்குல ஸ்கூட்டர் சக்கரத்தின் விட்டம் டயரோடு சேர்த்து 43 செ.மீ.தான். அது 6 செ.மீ. இறங்கும். ஒன்றரை மடங்கு. அதோடு முடியவில்லை. சின்னச் சக்கரம் குழியின் மறு விளிம்பில் செங்குத்தாக மோதுகிறது; பெரிய சக்கரம் ஓரளவு ஏறிக் கடக்கிறது. அதே குழியில் 12 அங்குலச் சக்கரம் இறங்குவது சுமார் 5.5 செ.மீ. முன்னேற்றம்தான், ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. 2013-ல் வந்த டி.வி.எஸ். ஜுபிடர் இரண்டு பக்கமும் 12 அங்குலச் சக்கரமும் முன்னால் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கும் கொண்டிருந்தது. 110 சி.சி. ஆக்டிவாவுக்கு முன்பக்கம் இந்த இரண்டும் 2020-ல்தான் கிடைத்தன.

இரண்டாவது சங்கதி எஞ்சின். ஆட்டோமேடிக் ஸ்கூட்டரில் எஞ்சினும் கியர்பெட்டியும் பின்சக்கரத்தோடு ஒரே கட்டாக இணைந்திருக்கின்றன. மேட்டில் பின்சக்கரம் எழும்பும்போது எஞ்சினும் சேர்ந்து எழும்புகிறது. அவ்வளவு பாரத்தையும் அடக்க வேண்டியது, பல வண்டிகளில், ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் ஒற்றை ஷாக் அப்சார்பர்.

மூன்றாவதுதான் எல்லோரும் மறந்துவிடுவது: யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது. ஓட்டுகிறவர் இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் இருக்கிறார். பின்னால் இருப்பவர் கிட்டத்தட்டப் பின்சக்கரத்தின் தலைக்கு மேலேயே இருக்கிறார். ஏற்றப் பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கும் நுனியில் உட்கார்ந்தவருக்கும் உள்ள வித்தியாசம் இது. மேலும், ஓட்டுகிறவர் குழியைப் பார்க்கிறார். கையில் பிடி இருக்கிறது. உடம்பு தானாகவே தயாராகிவிடுகிறது. பின்னால் இருப்பவருக்குத் தெரிவது ஒரு முதுகும் ஒரு ஹெல்மெட்டும். குழி அவருக்குச் சொல்லாமல் வருகிறது. மோட்டார் சைக்கிளில் கால்களை ஊன்றி உடம்பைச் சற்றே தூக்கிக்கொள்ளலாம். ஸ்கூட்டரில் நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்திருப்பதால் அதற்கும் வழியில்லை. அதிர்ச்சி முழுவதும் இருக்கை வழியாக முதுகெலும்புக்குப் போகிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு வினாடிக்கு 4 முதல் 8 முறை வரை மேலும் கீழும் ஏற்படும் அதிர்வைத்தான் மிக அதிகமாக உணர்கிறது. உடல் முழுவதும் படும் அதிர்வுக்கான ஐ.எஸ்.ஓ. 2631 என்ற சர்வதேசத் தர விதி அளவிடும்போது அதிக மதிப்புக் கொடுப்பதும் இந்த எல்லைக்குத்தான்.

ஆக, வலி அதிகமாகப் படுவது பின்னால் இருப்பவருக்கு. கடைக்குப் போய்த் தேர்வு செய்பவரோ முன்னால் இருப்பவர். கோத்ரூட் வங்கி ஊழியரின் ஆறாயிரம் ரூபாய் போன வழி இதுதான்.

புனேயில் இருசக்கர வண்டிக்கான உதிரி பாகம், அலங்காரப் பொருள் எது வேண்டுமானாலும் நானா பேட்டையில் கிடைக்கும். தில்லிக்காரர்களுக்குக் கரோல் பாக் எப்படியோ அப்படி. வண்டி வாங்கிய வாரமே சுற்றிலும் எஃகுக் கம்பி மாட்டுவது பலருக்குச் சடங்கு. வண்டியின் எடை கூடுகிறது, பயணம் மாறுவதில்லை. அடுத்தது இருக்கை உறை. மிருதுவான பஞ்சு வைத்த தடித்த உறையைக் கையால் அழுத்திப் பார்த்தால் மெத்தென்று இருக்கிறது. எழுபது கிலோ உட்கார்ந்ததும் அது அப்பளமாகிவிடுகிறது. பிறகு உட்கார்ந்திருப்பது இருக்கையின் அடித்தகட்டின் மேல்தான். நீண்ட நேரம் தாங்குவது சற்றே இறுக்கமான பஞ்சு என்பது தையல் கடைக்காரர்களுக்குத் தெரியும், வாடிக்கையாளர் நம்புவதில்லை. ஜெல் மெத்தை எடையைப் பரவலாக்குகிறது, உண்மை. ஆனால் மே மாதத்து வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற வண்டியில் அதன் மேல் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் அதன் மறுபக்கம். தவிர, அரை அங்குலம் உயர்ந்த இருக்கையில் உயரம் குறைந்தவரின் கால் தரையில் முழுதாகப் பதிவதில்லை. சிக்னலில் வண்டி சாய்ந்தால் என்ன சொகுசு?

அகலமான டயர் இன்னொரு ஆசை. சற்றே அகலம் கூடினால் பிடிப்பு கூடலாம். அளவு மீறினால் மட்கார்டில் உரசும், மைலேஜ் இறங்கும், திருப்பும்போது வண்டி அடம்பிடிக்கும். சாய்மானச் சட்டம் வயதானவர்களுக்குத் தைரியம் தருகிறது, அது தேவைதான். ஆனால் அது சட்டத்தோடு இறுக்கப்பட்ட கம்பி. குலுக்கலைக் குறைப்பதில்லை, முதுகின் இன்னோர் இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

கடைசியில் அந்த வங்கி ஊழியர் போய் நின்றது ஒரு பழைய மெக்கானிக்கிடம். சேதக் காலத்திலிருந்து ஸ்பானர் பிடித்தவர். இவர் ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டும், வாயு நிரப்பிய விலை உயர்ந்த ரகம் வேண்டும் என்று ஆரம்பித்தார். மெக்கானிக் குறுக்கிட்டார். "காகா, வலி யாருக்கு? காகூவுக்குத்தானே? அவரை அழைத்து வாருங்கள். வண்டியை மட்டும் கொண்டுவந்தால் நான் எதைப் பார்ப்பது?"

மறுநாள் மனைவியும் வந்தார். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, மேட்டில் ஏறும்போதா இறங்கும்போதா, பிரேக் போட்டால் முன்னால் சரிகிறீர்களா என்று மெக்கானிக் கேட்ட கேள்விகளை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டு முடித்ததும் மெக்கானிக் தானே பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "ஓட்டுங்கள் காகா, ஒரு சுற்று போய் வருவோம்." இருநூறு மீட்டர் போய்த் திரும்பியதும் சொன்னார்: "இதில் நானே வர மாட்டேன்."

முதலில் காற்றைப் பார்த்தார். முன்சக்கரத்தில் 35 பி.எஸ்.ஐ., பின்சக்கரத்தில் 42. இந்த ரக ஸ்கூட்டருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது வண்டியின் கையேட்டிலும், பல வண்டிகளில் ஒட்டியிருக்கும் சின்னத் தாளிலும் அச்சிட்டிருக்கிறது. உதாரணமாக ஆக்டிவாவுக்கு முன்னால் 22. பின்னால் தனியாகப் போனால் 29, இருவர் போனால் 36. பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும் பையன் இதையெல்லாம் படிப்பதில்லை. வண்டிக்காரரும் சொல்வதில்லை. மோட்டார் சைக்கிளுக்கு அடித்த அதே அளவு ஸ்கூட்டருக்கும் போய்ச் சேர்கிறது. காற்று அதிகமானால் டயர் மரக்கட்டை. ஸ்கூட்டரில் குலுக்கலை முதலில் விழுங்க வேண்டியது டயர்தான்; அதன் வாயை இறுக்கிக் கட்டிவிட்டு இருக்கையில் பஞ்சைத் திணிக்கிறோம். காற்று குறைந்தாலும் ஆபத்துதான். ரிம் வளையும், டயர் சூடேறும். சரியான அளவு என்பது சரியான அளவு மட்டுமே. அதற்கு ஒரு பைசா செலவில்லை.

அடுத்து டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைத் தேடினார். முதல் இரண்டு இலக்கம் வாரம், பின் இரண்டு வருடம். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன்கள் தேயாமல் இருந்தாலும் வருடங்கள் ஆக ஆக ரப்பர் இறுகிவிடுகிறது. இந்த வண்டியின் பின் டயர் இறுகி வெடிப்பு விட்டிருந்தது. அதே அளவில் புதிய டயர் போதும், அகலம் வேண்டாம் என்றார்.

பிறகு பின்பக்கத்தை இரண்டு கைகளாலும் அழுத்திவிட்டார். ஆரோக்கியமான ஷாக் அப்சார்பர் என்றால் வண்டி எழுந்து நின்றுவிடும். இது இரண்டு மூன்று முறை ஆடியது. ஸ்பிரிங் இருக்கிறது, அதை அடக்கும் எண்ணெய் கசிந்து போய்விட்டது என்று அர்த்தம். அடக்க ஆளில்லாத ஸ்பிரிங் ஒரு குழியை மூன்று குழியாக்கிவிடும். முன்பக்க இணைப்பில் புஷ்கள் தேய்ந்து, சின்னக் கல்லுக்கும் கடகடவென்று சத்தம். சில நூறு ரூபாய்ச் சாமான். வாயு நிரப்பிய விலை உயர்ந்த ஷாக் அப்சார்பர் எங்கே என்று கணவர் மறுபடி கேட்டபோது, வண்டியோடு வரும் அசல் ரகமே புதிதாக இருந்தால் போதும் என்று பதில் வந்தது. ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மூன்று படிகளில் மாற்றும் வசதி அதிலேயே இருந்தது. வாரம் முழுக்கத் தனியாக ஆபீஸ் போகிறவருக்கு முதல் படி, இருவராகப் போகும் நாளில் இரண்டாவது படி.

இருக்கை கடைசியில்தான் வந்தது. ஜெல்லும் உறையும் கழன்றன. பிரித்துப் பார்த்தால் பின்பாதிப் பஞ்சு அமுங்கி, இருக்கை முன்னோக்கிச் சரிந்திருந்தது. பிரேக் போடும்போதெல்லாம் மனைவி கணவர் மேல் சரிவதும், சரியாமலிருக்க இடுப்பை இறுக்கிக்கொள்வதும் அதனால்தான். தையல் கடைக்காரர் சற்றே இறுக்கமான புதிய பஞ்சு வைத்துச் சரிவைச் சமன் செய்தார். உயரம் ஏறவில்லை.

இன்னொன்றைச் சொல்ல மெக்கானிக் தயங்கினார். பிறகு கணவரைப் பார்த்துக்கொண்டே மனைவிக்குச் சொன்னார். ஒரு பக்கமாக உட்காராமல் இரு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் பாதி வலி போய்விடும். ஒரு பக்கமாக உட்காரும்போது இடுப்பு ஒரு திசையிலும் தோள் இன்னொரு திசையிலும் முறுக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு குலுக்கலும் அந்த முறுக்கின் மேல் விழுகிறது. புடவையோடு எப்படி என்ற கேள்விக்கு மகாராஷ்டிரத்தில் பழைய பதில் ஒன்று இருக்கிறது. கால்களுக்கிடையே கச்சம் வைத்துக் கட்டும் ஒன்பது கஜம் புடவை. குடி பாட்வா ஊர்வலங்களில் அந்தப் புடவையோடு பெண்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டிவருவதை வருடந்தோறும் பத்திரிகைகள் படம் போடுகின்றன. ஹடப்சர் பயணத்துக்கு அவ்வளவு தேவையில்லை. பஞ்சாபி டிரஸ் போதும் என்று மனைவியே முடிவு செய்தார்.

பின்னால் இருப்பவரைச் சட்டம் மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், உடை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது. 'சாரி கார்டு' என்று நாம் அழைப்பது கடைக்காரர் இலவசமாகப் போட்டுத் தரும் சாமானல்ல, சட்டத்தின் கட்டளை. அழகுக்காக அதைக் கழற்றுகிறவர்கள் யாருடைய புடவையை, யாருடைய துப்பட்டாவைப் பணயம் வைக்கிறார்கள் என்று யோசிக்கலாம்.

மேம்பாட்டுக்குச் சட்டம் எல்லையும் போட்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை அம்சங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வைத்திருக்கிறது. தேய்ந்துபோன ஷாக் அப்சார்பருக்குப் பதில் அதே ரகம், அமுங்கிய பஞ்சுக்குப் பதில் புதிய பஞ்சு என்பவை பராமரிப்பு. சட்டகத்தை வெட்டுவதும் வேறு வண்டியின் ஃபோர்க்கை ஒட்டவைப்பதும் வேறு விவகாரம். இதே 52-வது பிரிவு ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது: உடல் ஊனமுற்றவர்களுக்காக வண்டியை மாற்றியமைக்க அது இடம் தருகிறது. இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் மாட்டிய ஸ்கூட்டர்கள் அந்த வழியில்தான் சாலைக்கு வருகின்றன. எத்தனையோ பேரை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்த மாற்றம் அது. வண்டியை உடம்புக்கு ஏற்ப மாற்றுவதைச் சொகுசு என்று சொல்ல நா எழாது.

எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாத உதிரி பாகம் ஒன்று இருக்கிறது. அது சாலை. வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-லேயே அளவு சொல்லிவிட்டது: 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வண்டி ஏறி இறங்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பவை ஒரு முழ அகலத்தில் எழுந்து நிற்கும் தார்ச் சுவர்கள். குழியில்லாத சாலை, உயிர் வாழும் உரிமை தரும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவில் அடங்கும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு இருக்கிறது, குழியும் இருக்கிறது. 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டிகளில் வந்தவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. குலுக்கலைத் தாங்காமல் பிடி நழுவுவதற்கும் முதுகு வலிப்பதற்கும் நடுவில் உள்ள தூரம் அதிகமில்லை.

கோத்ரூட்டில் அற்புதம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முதல் வாரம் பக்கத்துக் காய்கறிச் சந்தை வரை போய் வந்தார்கள். பிறகு டெக்கான் வரை. ஒரு மாதம் கழித்து ஹடப்சர். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, இறங்கி, ஐந்து நிமிடம் நின்று, டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். போய்ச் சேர முன்பைவிட இருபது நிமிடம் கூடுகிறது. வலி இருக்கிறது, ஆனால் மறுநாள் படுக்கவைப்பதில்லை. அம்மாவைப் பார்ப்பது மறுபடி வாரம் ஒரு முறை என்றாகியிருக்கிறது.

அந்தக் கடைக்கு இரண்டாவது முறை போனபோது மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார். காசு வாங்காமல். "காகா, குழி உங்களுக்குத் தெரிகிறது. காகூவுக்குத் தெரியாது. சொல்லிவிடுங்கள்." அதிலிருந்து அவர் குழியைக் கண்டதும் தலையைச் சற்றே திருப்பி "கட்டா!" என்று குரல் கொடுக்கிறார். மராத்தியில் குழி. பின்னால் இருப்பவர் கைப்பிடியை இறுக்கி, உடம்பைத் தளர்த்திக்கொள்கிறார். சிக்னலில் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். சில சமயம் குழி வருமுன்பே பின்னாலிருந்து குரல் வருகிறது: "அஹோ, மெதுவாக. அந்த மருந்துக் கடை முன்னால் ஒன்று இருக்கிறது."